கல்லில் உரித்த நார்

நடவாத காரியத்தில் இறங்குவோரைப் பார்த்து, “கல்லிலே நார் உரிக்கப் பார்க்கிறாயே!” என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. ஆயினும் நார் உரியும் கல் ஒன்று உலகில் இருக்கத்தான் இருக்கிறது. தட்டிப் பிரித்தால் பஞ்சுபோல் பிரியும், நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், கயிறாக முறுக்கலாம். நெருப்பில் இட்டாலும் எரியாது. வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. இதனைத் தமிழில் கல்நார் என்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் என்றாலும் அதுவே. இச்சொல்லின் கிரேக்க மூலத்திற்கு ‘அணையாதது’ என்பது பொருள்.

கல்நார் என்றவுடன் நம்மில் பலருக்குக் கூரைத் தகடுகளே நினைவுக்கு வரும். ஆனால் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவரில் பலர், அனல் மின்நிலையங்களில் பொருத்துநராகவும், வெல்டராகவும், ஒப்பந்தக் கூலிகளாகவும் உழைத்திருக்கின்றனர். கூரையின்கீழ் இருந்தவர்களைவிட இக்கல்நாருடன் நெருங்கிப் பழகியவர்கள் அவர்களே. அந்தப் பழக்கத்தின் விளைவு, வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் வந்து கதவைத் தட்டக்கூடியது. ஆதலின், நம் குடும்பங்கள் இதைப்பற்றித் தெரிந்துவைத்திருத்தல் நன்று என்று கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

மின்நிலையத்தில் கல்நார் புகுந்த காரணம்

நிலக்கரியை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, அந்நீராவியின் விசையால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் ஆக்குவதே அனல் மின்நிலையத்தின் தொழில். பெரிய நிலையங்களில் பாய்லரிலிருந்து புறப்படும் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 540 டிகிரி சென்டிகிரேடு. அத்தகைய நீராவி ஓடும் குழாயை வெறுமனே விட்டால் வெப்பம் வீணாகும். அருகில் செல்வோர் உடல் வெந்துபோகும். ஆகவே, குழாய்களுக்கும் பாய்லருக்கும் டர்பைனுக்கும் கனமான உறை போடுகின்றனர். தொழிலாளர் இதனை ‘லாகிங்’ என்பர்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் இந்த உறைக்கு விரும்பி எடுத்த பொருள் கல்நாரே. 85 பங்கு மக்னீசியாவும் 15 பங்கு கல்நாரும் கலந்த பூச்சு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த அமோசைட் என்னும் பழுப்புக் கல்நார் மிகுந்த வெப்பத்தைத் தாங்கியதால், அதனைக் கட்டிகளாகவும் மெத்தைகளாகவும் செய்து போர்த்தினர். இவையன்றி, வால்வுகளில் திணிக்கும் கிளாண்டு பாக்கிங், குழாய் இணைப்புகளில் வைக்கும் காஸ்கெட், பாய்லர் கதவுகளைச் சுற்றிய கயிறு, வெல்டர் விரித்துக்கொள்ளும் போர்வை, கைகளுக்கு அணியும் உறை ஆகிய பலவும் கல்நாரால் ஆகியிருந்தன.

போர்த்திய உறை கட்டுக்குலையாமல் இருக்கும்வரை அதனால் நேரும் தீங்கு குறைவு. ஆனால் மின்நிலையம் ஓயாது ஓடுவதன்று. பழுதுபார்க்கும் காலம் வரும். அப்போது உறையைக் கத்தியாலும் உளியாலும் கிழித்தெறிவர். பழைய காஸ்கெட்டைக் கம்பிப் பிரஷ் கொண்டு சுரண்டுவர். வேலை முடிந்ததும் தரையில் கிடக்கும் குப்பையை உலர்ந்தபடியே கூட்டுவர். ஒட்டியிருக்கும் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதுவர். இவை ஒவ்வொன்றும் கல்நாரைத் தூசியாக்கிக் காற்றில் பரப்பும் செயல்களே. உறையைக் கிழிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் மின்கம்பி இழுப்பவரும், சாரம் கட்டுபவரும், தரை பெருக்கும் பெண்மணியும் அதே காற்றைத்தான் மூச்சில் இழுக்கின்றனர்.

மூச்சில் புகுந்த பின்

கல்நாரின் தனித்தன்மை, நீளவாக்கில் மேன்மேலும் பிளந்துகொண்டே போவதாகும். தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்கினும் மெலிந்த இழைகள் அதில் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத இவ்விழைகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழத்திற்கே சென்றுவிடும். உடல் இவற்றில் பலவற்றைக் கரைக்கவும் வெளியேற்றவும் மாட்டாமல் தவிக்கிறது. அதனால் உண்டாகும் நோய்கள் பல.

முதலாவது, நுரையீரலின் மென்மையான திசு தழும்பேறி இறுகிப்போதல். இதற்கு ஆஸ்பெஸ்டாசிஸ் என்று பெயர். படியேறினால் மூச்சு வாங்கும். பின்னர்ச் சமதரையில் நடந்தாலும் வாங்கும். வறட்டு இருமல் விடாது. இறுகிய திசுவைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. இரண்டாவது, நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது, நுரையீரலையோ வயிற்றின் உட்புறத்தையோ போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய். இது பெரும்பாலும் கல்நாராலேயே வருவது. இந்நோய் கண்டவருள் பெரும்பாலோர் ஓரிரண்டு ஆண்டுகளுக்குமேல் வாழ்வதில்லை. குரல்வளையிலும், பெண்களுக்குக் கருவகத்திலும் கல்நாரால் புற்றுநோய் வரக்கூடும். வெள்ளை, பழுப்பு, நீலம் என்ற எவ்வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்குவதே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவாகும்.

பீடி, சிகரெட் குடிப்போர்க்கு அபாயம் பன்மடங்காகும். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, கல்நாரும் புகையும் அறியாதவரோடு ஒப்பிட, கல்நாரில் உழைத்துப் புகைக்காதவர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ 5 மடங்கு. கல்நாரில் உழைத்துப் புகைக்கவும் செய்தவர் இறப்பது 50 மடங்குக்கும் மேல்.

இந்நோய்களின் கொடுமையில் தலையாயது அவற்றின் பொறுமை. பாம்பு தீண்டினால் அன்றே தெரியும். கல்நார் தீண்டியது பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் சென்றபின்தான் தெரியும்.

உலகம் அறிந்து நூறு ஆண்டு

இது நேற்றுக் கண்ட செய்தியன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கல்நார் நூற்கும் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி 1924 இல் தம் 33 ஆம் வயதில் இறந்தார். டாக்டர் குக் என்பவர் அந்நுரையீரலை ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார். 1930 இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இரு அதிகாரிகள் 363 கல்நார்த் தொழிலாளரைச் சோதித்து, அவர்களுள் நால்வரில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறியிருக்கக் கண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. 1955 இல் ரிச்சர்டு டால் நுரையீரல் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். 1960 இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 33 மீசோதீலியோமா நோயாளிகளை எடுத்துக்காட்டினர். 1964 இல் நியூயார்க் நகரில் டாக்டர் செலிகாஃப், ஆலையில் அல்லாமல் கட்டிடங்களிலும் குழாய்களிலும் உறை போடும் தொழிலாளரிடையே இந்நோய்கள் மிகுந்திருப்பதை வெளிப்படுத்தினார். மின்நிலையத்தில் லாகிங் வேலை செய்வோர்க்கு மிக நெருங்கிய சான்று இதுவே.

இவற்றுள் நம் இல்லத்தரசிகள் கருத்தில் கொள்ளவேண்டியது 1965 இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் என்னும் இரு பெண்மணிகள் நடத்திய ஆராய்ச்சி. மீசோதீலியோமா கண்ட 76 பேரின் வரலாற்றை அவர்கள் துருவிப் பார்த்தனர். 40 பேர் கல்நார் வேலை செய்தவர்கள், அல்லது அவ்வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த அதே எண்ணிக்கையினரில் இத்தகையோர் 9 பேரே. ஆலையின் வாசலையே மிதியாத சிலருக்கு நோய் எவ்வழி வந்தது? கணவன்மாரின் வேலை உடைகளைத் துவைத்ததே வழி. முதன்முதல் தூசி பட்டதற்கும் நோய் முற்றியதற்கும் இடையே 16 முதல் 55 ஆண்டுகள் சென்றிருந்தன.

பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தாக்கு

மின்நிலையத்தையே நம்பி வாழ்ந்த ஓர் ஊர்க்கூட்டம் முழுவதும் இத்துன்பத்தைக் கண்ட இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள லட்ரோப் பள்ளத்தாக்கு. நம் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி நிறைந்த பூமி அது. யலோர்ன் நிலையம் 1924 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1964 முதல் 1971 வரை ஹேசல்வுட் நிலையத்தின் எட்டு யூனிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே வேலைக்கு அமர்ந்தனர். நம்மைப்போல் அவர்களும் குடிபெயர்ந்தோரே. பல்லாண்டுகள் சென்றபின் அத்தொழிலாளரும், அவர்தம் உடைகளைத் துவைத்த மனைவியர் சிலரும் நோயுற்றனர். நோயாளிகளுக்கு உதவவென்றே அங்கு ஒரு சங்கம் தோன்றலாயிற்று.

ஹேசல்வுட் 2017 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. அதன் எட்டுப் புகைபோக்கிகளும் 2020 மே மாதத்தில் தகர்க்கப்பட்டன. கட்டிடங்களை இடிக்குமுன் கல்நாரை அகற்றும் வேலை நடந்தது. இம்முறையே நாம் கவனிக்கத் தக்கது. நம் நாட்டிலும் பழைய அனல் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. டில்லியில் 1973 இல் தொடங்கிய பதர்பூர் நிலையம் 2018 இல் நின்றது. நெய்வேலியில் 1962 இல் எழுந்த முதல் அனல் மின்நிலையம் 2020 இல் நின்றது. அக்காலத்து நிலையம் எதுவாயினும், அதைப் பிரிக்குமுன் பழைய உறை எதனால் ஆனது என்று சோதித்தறிவதும், கல்நாராயின் பயிற்சி பெற்றோரைக் கொண்டு முறைப்படி அகற்றுவதும் இன்றியமையாதவை. பழைய இரும்பு எடுக்கும் வேலைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். உறையைக் கிழித்தால்தான் அவர்களுக்கு இரும்பு கிடைக்கும் என்பதை மறக்கலாகாது.

டிபன் கடைக்காரரின் நுழைவுச் சீட்டு

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் செய்தியை இங்குக் கூறுதல் பொருந்தும். அப்பெரியவர் தஞ்சைப் பக்கத்தவர். 1974 இல், 22 வயதில், வடக்கே வந்து மின்நிலையம் ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் லாகிங் உதவியாளராகச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வேலை. பின்னர் டிபன் கடை வைத்து, நாணயமாக நடத்தி, பெண்ணுக்கு மணமுடித்து, முதுமையில் சொந்த ஊருக்குத் திரும்பினார். 2016 இல் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஊர் மருத்துவர் காசநோயென்று எண்ணி மருந்து தந்தார். சளியில் கிருமி தென்படவில்லை. மருந்தாலும் குணம் இல்லை. நகரத்துப் பெரிய மருத்துவமனையில், “என்ன தொழில் செய்தீர்கள்?” என்று கேட்டபோது, “டிபன் கடை” என்றே விடையிறுத்தார். முப்பது ஆண்டுகள் அதுதானே அவர் தொழில்! அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகள் அவர் நினைவிலேயே எழவில்லை.

பிறகு மகள் நமக்கு எழுதி, தந்தையின் பழைய வேலைக்கு ஏதேனும் ஆதாரம் உண்டா என வினவினார். ஒப்பந்தக்காரர் காலமாகிவிட்டார், அவருடைய கணக்குப் புத்தகங்களும் இல்லை. இறுதியில் தாயாரின் டிரங்குப் பெட்டி அடியில், பாய்லர் பராமரிப்புப் பகுதி என்று எழுதிய மங்கிய நுழைவுச் சீட்டு ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டபின்தான் டாக்டர்கள் எக்ஸ்ரேயை வேறு கண்கொண்டு பார்த்தனர். காசநோய் மருந்து நிறுத்தப்பட்டது. ஆஸ்பெஸ்டாசிஸ் என்று பெயரிடப்பட்டது. இழப்பீடு ஒன்றும் கிட்டவில்லை.

விடுமுறையில் ஊர் சென்றபோது அந்த அம்மையாரையும் கண்டோம். “தம்பி, அவர் கழற்றிப்போட்ட சட்டையை வாசலில் நின்று நாலு உதறு உதறித்தான் ஊறப்போடுவேன். வெள்ளை வெள்ளையாய் மாவு பறக்கும். அடுப்புச் சாம்பல் மாதிரிதானே என்று இருந்துவிட்டேன்” என்றார். அவரையும் டாக்டர்கள் சோதித்தனர்; நோய் ஒன்றும் தென்படவில்லை; ஆண்டுதோறும் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கின்றனர்.

குடிபெயர்ந்தோர்க்கு உரிய தனித்துன்பம் இதுவே. தூசி பட்ட ஊர் ஒன்று. நோய் வெளிப்படும் ஊர் வேறொன்று. மின்நிலையத்தை அறிந்த டாக்டர் அங்கிருப்பார், நோயாளியோ இங்கிருப்பார். இரண்டையும் இணைப்பது ஒரு துண்டுக் காகிதமே.

சட்டம் கூறுவது

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆஸ்பெஸ்டாசிஸை அரசாங்கத்திற்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 2020 இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அந்நோய் இடம்பெற்றுள்ளது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதனைத் தொழிலால் வரும் நோய்களுள் ஒன்றாக ஏற்றிருந்தது.

1995 ஜனவரி 27 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. தொழிலாளியின் உடல்நலம், அரசியல் சாசனத்தின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அது கூறியது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரை, அல்லது வேலையினின்று நீங்கியபின் 15 ஆண்டுகள் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2014 ஜனவரியில் நிலக்கரி மின்நிலையத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிய வழக்கில், அவ்வம்மாநில உயர்நீதிமன்றங்கள் இதனைக் கவனிக்கவேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது.

கல்நாரை அறவே விலக்கிய நாடுகள் பல. இங்கிலாந்து 1999 இலும், ஆஸ்திரேலியா 2003 இன் இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலும் விலக்கின. நம் நாடு வெள்ளைக் கல்நாரை இன்னும் இறக்குமதி செய்துவருகிறது. மின்நிலையங்களில் உறை போடக் கண்ணாடி இழை, பாறை இழை, கல்நார் கலவாத கால்சியம் சிலிகேட் ஆகியவை வந்துவிட்டன. எனினும் பழைய நிலையத்தில் பழைய உறை எங்கே ஒளிந்திருக்கிறதென்பது உரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாம் செய்யத்தக்கவை

வேலையிடத்தில், பழைய உறையைத் தொடுமுன் அது எதனால் ஆனதென்று மேற்பார்வையாளரைக் கேட்டல் வேண்டும். அறியாதவிடத்து அதனைக் கல்நாரென்றே கொள்க. உலர்ந்தபடி கிழித்தலும், கூட்டுதலும், காற்றால் ஊதுதலும் ஆகா. நீரால் நனைத்தே எடுத்தல் வேண்டும். முகத்தில் கட்டிய கைக்குட்டை இவ்விழைகளைத் தடுக்காது. நுண்தூசிக்கென்றே செய்து முகத்தோடு பொருந்தும் சுவாசக் கவசம் தேவை. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை, இரத்தல் அன்று.

வேலை உடையை வேலையிடத்திலேயே விட்டு, குளித்து மாற்றுடை அணிந்து வருவதே சிறந்தது. அவ்வசதி இல்லையேல், உடையை உதறாமல் நனைத்து, குழந்தைகளின் துணியோடு கலவாமல் தனியே துவைத்தல் நன்று. மீந்த கல்நார்க் கயிற்றையும் துணியையும் சாக்கையும் அடுப்படிக்குப் பயன்படுமென்று வீட்டிற்குக் கொண்டுவருதலாகாது.

முன்னர் இவ்வேலை செய்தவர்கள், எந்த டாக்டரிடம் சென்றாலும் அவர் கேளாமுன்பே, “இத்தனை ஆண்டு மின்நிலையத்தில் உறை வேலை செய்தேன்” என்று சொல்லிவிடவேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் மூச்சளவுச் சோதனையும் செய்துகொள்வது பயன் தரும். பீடியை இன்றே விட்டொழிக்க வேண்டும். தூசி பட்டவர் அனைவரும் நோயுறுவர் என்பதில்லை. எனவே வீண் பீதி வேண்டா. பட்ட தூசியை யாராலும் திருப்பி எடுக்க இயலாது. புகையை நிறுத்த நம்மால் இயலும்.

இறுதியாக ஒன்று. இரயில்வேயில் பணிப் பதிவேடு எழுதிப் பிழைக்கும் நாம், பதிவேட்டில் ஏறாத உழைப்பு உழைப்பாகவே கருதப்படாமல் போவதை நாள்தோறும் காண்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பதிவேடு எழுத எவரும் இல்லையாதலால், அவனே எழுதிக்கொள்ளவேண்டும். ஒரு சிறு குறிப்பேடு போதும். எந்த ஊர், எந்த நிலையம், எந்தப் பகுதி, யாரிடம் வேலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, உடன் உழைத்தோர் யாவர் என்பவற்றை அதில் எழுதுக. நுழைவுச் சீட்டு, கூலிச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றை ஒரே உறையிலிட்டுக் காக்க. அந்த உறை இருக்குமிடம் மனைவிக்கும் மக்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஊர்தோறும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் இதிலும் முன்வரலாம். பொங்கல் விழாவுக்கும் நாடகத்திற்கும் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். மின்நிலையங்களில் உழைத்த உறுப்பினர் பெயரையும் பணி விவரத்தையும் எழுதிவைக்க இன்னொரு புத்தகம் வைப்பது பெருஞ்செலவன்று. நாளை எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கேட்கும் கேள்விக்கு அப்புத்தகம் விடை சொல்லும். அதனை இம்மாதமே தொடங்குவோமாக.